மீன் தொட்டியில் காரணம் தெரியாமல் மீன் செத்தால் எங்கே தேடுவது?

காலையில் தொட்டி விளக்கைப் போட்டால் இரண்டு மீன் மல்லாந்து மிதக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது இதுதான்: செத்த மீனை எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மிச்சமிருக்கும் மீன்களை அதில் விடுவார்கள். மறுநாள் இன்னும் இரண்டு போகும். "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மீன் காரணமில்லாமல் சாவதில்லை. அந்தக் காரணத்துக்கான தடயம் பெரும்பாலும் நாம் அவசரமாகக் கொட்டிய தண்ணீரில்தான் இருந்தது. அதனால் மீன் செத்திருப்பதைப் பார்த்ததும், தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் போதும். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், அதே தண்ணீரில் இரண்டு முறை அலசினால் சரி. செத்த மீனைத் தொட்டியில் விட்டுவைக்காமல் உடனே எடுத்துவிடுங்கள். அழுகும் மீனிலிருந்து அம்மோனியா வெளியேறும். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்த தொட்டியைக் காலையில் சோதித்தால், சாவுக்குப் பின்னால் ஏறிய அம்மோனியாவையே சாவுக்குக் காரணம் என்று தப்பாக எண்ணிவிடுவோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தண்ணீருக்கென்று சில குணங்கள் உண்டு. சென்னையில் இருப்பவர் சொல்லும் யோசனை இங்கே அப்படியே பொருந்தாது.

எப்போது செத்தது, எது பிழைத்தது

சோதனை கிட் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். எந்த நேரத்தில் செத்தது, எந்த மீன் போனது, எந்த மீன் நன்றாக இருக்கிறது, கடந்த பத்து நாளில் தொட்டியிலும் அந்த அறையிலும் என்ன மாறியது. இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

விடியற்காலையில் செத்திருந்தால், முந்தின ராத்திரி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், முதலில் ஆக்சிஜனைச் சந்தேகப்படுங்கள். இந்தச் சாவில் ஒரு தனி அடையாளம் உண்டு. ஒரே இன மீன்களில் பெரியவை முதலில் போகும், குஞ்சுகள் தாக்குப்பிடிக்கும். ஃபைட்டரும் கௌராமியும் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உள்ளவை என்பதால் தப்பித்துவிடும். கோல்ட் ஃபிஷ் எல்லாம் செத்து, அதே தொட்டியில் கௌராமி மட்டும் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் செத்தால் புதுத் தண்ணீரில்தான் கோளாறு: குளோரின், சூட்டு வித்தியாசம், உப்புத்தன்மையில் பெரிய மாற்றம், இந்த மூன்றில் ஒன்று. கடையிலிருந்து வாங்கி வந்த புது மீன் மட்டும் ஒன்றிரண்டு நாளில் செத்து, பழைய மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், கடைத் தண்ணீருக்கும் வீட்டுத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மீனால் தாங்க முடியவில்லை, அல்லது அது வரும்போதே நோயோடு வந்திருக்கிறது.

நத்தையும் இறாலும் செத்து மீன் உயிரோடு இருந்தால், செம்பு கலந்த மருந்தையோ பூச்சிமருந்தையோ நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்று என்று மெதுவாகப் போனால் நோய், அல்லது நாள்பட்ட அழுக்கு, அல்லது வெறும் வயசு. கப்பி இரண்டு வருஷம் இருந்தாலே நல்ல ஆயுள். கடையில் வாங்கும்போதே அது பல மாதம் வளர்ந்த மீன். அதனால் ஒன்றரை வருஷம் வளர்த்த கப்பி ஒன்று தனியாகச் செத்தால் அதற்காகத் தொட்டியையே கலைக்க வேண்டியதில்லை. கோல்ட் ஃபிஷ் கதை வேறு, அது பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. ஆறே மாதத்தில் அது செத்தால் வயசின் மேல் பழி போட முடியாது.

தெளிவான தண்ணீர் நல்ல தண்ணீர் அல்ல

வீட்டுத் தொட்டிகளில் அதிக மீன்களைக் கொல்வது அம்மோனியாதான். கண்ணுக்குத் தெரியாது. மீனைக் கொல்லும் அளவில் நம் மூக்குக்கும் தெரியாது. தண்ணீர் தெளிந்தே இருக்கும். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் இதை நம்ப மறுப்பார்கள், அதனால்தான் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மீன் தின்ற தீவனத்தில் உள்ள புரதம் உடம்பில் செரித்த பிறகு, கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியே வருகிறது. தின்னாமல் அடியில் கிடக்கும் தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றிலும் ஏரியிலும் இது கரைந்து பரவிவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் மொத்தமே சுமார் 56 லிட்டர்தான் பிடிக்கும். அங்கே இதை யாராவது தின்றாக வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் வழவழப்பாகப் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைத் தின்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கொடிய விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும்.

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். புதுத் தொட்டியில் போதுமான அளவு சேர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தொட்டி வாங்கி, அன்றைக்கே பத்து மீன் விட்டால், அந்த வாரக் கடைசிக்குள் மீன் சாகத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது, நான்காவது வாரத்தில் நைட்ரைட் ஏறி இன்னொரு சுற்று சாகும். நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். அப்படி இறக்கும் நிலையில் இருக்கும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும். உயிர் இருக்கும்போதோ, செத்த சில நிமிஷத்திலோ பார்த்தால்தான் இந்த அடையாளத்தை நம்பலாம். செத்து வெகுநேரம் ஆன மீனின் செவுள் எப்படியும் வெளுத்துவிடும்.

இனி நம் ஊர் விஷயம். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று மீனுக்கு ஓரளவு பரவாயில்லை, இன்னொன்று கொல்லும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, முடிவு செய்கிறது. 25 டிகிரி சூட்டில் பி.எச். 7 என்றால், மொத்த அம்மோனியாவில் கொல்லும் வடிவம் சுமார் நூற்றுக்கு அரை (0.5 சதவீதம்). பி.எச். 8 என்றால் நூற்றுக்கு ஐந்துக்கு மேல். கிட்டத்தட்ட பத்து மடங்கு! 8.5-ல் அது நூற்றுக்கு 15-ஐத் தொடும். தண்ணீர் சூடாக ஆக இன்னும் ஏறும்.

நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சாட்சி. இப்படிப்பட்ட தண்ணீரில் பி.எச். 8 வரை போவது சாதாரணம். ஆகவே வேறு ஊரில் ஒருவர் "என் தொட்டியில் அம்மோனியா ஒன்று காட்டுது, மீன் நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னால், அந்த அளவை இங்கே வைத்துத் தைரியப்படக் கூடாது. கடையில் கிடைக்கும் கிட் காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதோடு பி.எச். அளவையும் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். போர் தண்ணீரை மோட்டாரிலிருந்து பிடித்த உடனே சோதிக்காதீர்கள். அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு பி.எச்-ஐக் குறைத்துக் காட்டும். ஒரு நாள் திறந்து வைத்து, முடிந்தால் ஏர் பம்ப் போட்டு, அப்புறம் பாருங்கள். உண்மையான எண் அப்போதுதான் தெரியும்.

காவேரிப்பட்டினத்தில் அக்கா வீட்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. கோல்ட் ஃபிஷ்ஷும் மோலியும். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் இருந்த தொட்டியில், ஒரு புதன்கிழமை காலை ஒரு கோல்ட் ஃபிஷ், மாலை இன்னொன்று. அக்கா போனில் சொன்னது: "தண்ணியே மாத்தலடா. ஞாயித்துக்கிழமை ஃபில்டரை மட்டும் எடுத்துக் கழுவினேன். ஸ்பாஞ்ச் நல்லா வெள்ளையாகுற வரைக்கும் குழாயில விட்டுத் தேய்ச்சேன். அன்னிக்கு மீனெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." அந்த வாரம் தெருவில் மேல்நிலைத் தொட்டி கழுவியிருந்தார்கள், குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக இருந்தது என்று மாமா சொன்னதும் கதை முழுசாகத் தெரிந்துவிட்டது. குளோரின் மீனைத் தொடவேயில்லை. ஸ்பாஞ்சில் இருந்த பாக்டீரியாவைக் கொன்றது. அம்மோனியாவைத் தின்ன ஆள் இல்லாமல் மூன்று நாளில் அது ஏறியது. கிட்டில் மொத்த அம்மோனியா 2 மில்லிகிராம், பி.எச். 8. கணக்குப் போட்டால் கொல்லும் வடிவம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். 0.05 தாண்டினாலே செவுள் பாதிக்கும். இதே 2 மில்லிகிராம் பி.எச். 7 உள்ள தண்ணீரில் இருந்திருந்தால் 0.01 சொச்சம்தான் வந்திருக்கும், அந்த மீன்கள் பிழைத்திருக்கவும் கூடும்.

நான் இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம், காரியம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது, சாவு புதன்கிழமை வந்தது. "நேத்து என்ன செஞ்சோம்" என்று மட்டும் யோசித்தால் இது பிடிபடாது. பத்து நாள் பின்னோக்கி எழுதச் சொன்னது இதற்குத்தான். ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் ஊற்றி அதில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். அது பழுப்பாக இருப்பதுதான் நல்லது. மீன் நோய்க்கு ஊற்றும் மெத்திலீன் ப்ளூவும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் இதே பாக்டீரியாவைக் கெடுக்கும். மருந்து ஊற்றிய பிறகு சாவு கூடினால் அதையும் கணக்கில் எடுங்கள்.

ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும்

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்த பிறகு, இரண்டு மாவட்டத்திலும் நிறைய வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். குழாயில் காவிரி, மோட்டாரில் போர். பல வீடுகளில் இரண்டும் ஒரே சம்ப்பில் விழும். குழாய்த் தண்ணீர் நன்றாக வந்த வாரத்தில் சம்ப்பில் இருப்பது மென்மையான ஆற்றுத் தண்ணீர். வராத வாரத்தில் அதே சம்ப்பில் கடினமான போர் தண்ணீர். நாம் "எப்பவும் மாத்துற அதே தண்ணிதான்" என்று நினைப்போம். மீனுக்கு அது இரண்டு வேறு ஊர்த் தண்ணீர். கப்பியும் மோலியும் கடினமான தண்ணீரை விரும்புபவை, சமாளித்துவிடும். நியான் டெட்ரா போன்ற மென்தண்ணீர் மீன்களுக்குத் திடீரென்று மாறுவது தாங்காது. மீன் கடைக்காரர்கள் "ஒரு நாள் பிடிச்சு வெச்சு ஊத்துங்க" என்பார்கள். குளோரினுக்கு அது சரி. கடினத்தன்மை ஒரு நாள் வைத்தாலும் ஒரு மாதம் வைத்தாலும் போகாது. எந்தத் தண்ணீரானாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டிவந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

குளோரின் பற்றி இன்னும் ஒன்று. குடிநீரில் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். நமக்கு அது பாதுகாப்பு, மீனின் செவுளுக்கு அதுவே அதிகம். வாயகன்ற டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு 24 மணி நேரம் வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று சொட்டு மருந்து கிடைக்கும். சோடியம் தயோசல்பேட்தான் அது, பாட்டிலில் உள்ள அளவுப்படி விட்டால் குளோரினை உடனே முறிக்கும்.

ஃப்ளோரைடு பற்றி இங்கே எல்லோருக்கும் பயம் உண்டு, நியாயமான பயம். மனிதர் குடிக்க லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது வரம்பு. அதைத் தாண்டிய போர்கள் நம் பகுதியில் உண்டு, பல்லிலும் எலும்பிலும் அதன் விளைவைப் பார்த்த குடும்பங்கள் உண்டு. ஆனால் மீன் ஒரே ராத்திரியில் செத்ததற்கு ஃப்ளோரைடைக் காரணம் சொல்ல முடியாது. உடனே கொல்ல அதற்குப் பல மடங்கு அதிகம் வேண்டும், கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் அதன் வேகத்தையும் குறைத்துவிடும். ஃப்ளோரைடு மேல் பழியைப் போட்டுவிட்டு அம்மோனியாவைச் சோதிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதே பயத்தில் சிலர் கேன் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் தொட்டிக்கு ஊற்றுகிறார்கள். அதில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை. தொட்டியில் பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகும். கடினத் தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆர்.ஓ. தண்ணீருக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. மெல்ல மெல்ல பி.எச். 6-க்கும் கீழே இறங்கும். அந்த நிலையில் பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா சேரும், ஆனால் கொல்லாத வடிவத்தில் சேரும் என்பதால் மீன் சோர்வாக இருந்தாலும் உயிரோடு இருக்கும். ஒரு நாள் "தொட்டியைச் சுத்தம் பண்ணலாம்" என்று பாதிக்கு மேல் போர் தண்ணீர் ஊற்றினால் பி.எச். சட்டென்று ஏறி, சேர்ந்திருந்த அம்மோனியா எல்லாம் கொல்லும் வடிவத்துக்கு மாறும். சுத்தம் செய்த அன்றே எல்லாம் சாகும். சுத்தம் செய்ததால்தான் செத்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

அறைக்குள் வருவது

தண்ணீரில் எல்லா அளவும் சரியாக இருந்து, மீன் சுழன்று சுழன்று நீந்தி, துடித்து, சில மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டால், அறைக் காற்றை நினையுங்கள். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதும் கருவி. கொசுவர்த்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு அவ்வளவு ஆபத்தில்லை, மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவே கொடிய விஷம். ஒரே பிளக் பாயிண்டில் மேலே கொசு லிக்விடும் கீழே ஏர் பம்ப்பும் மாட்டியிருக்கும் வீடுகள் எத்தனை! பம்ப்பை வேறு பக்கம் மாற்றுங்கள். டெங்கு காலத்தில் தெருவில் புகை மருந்து அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, புகை அடங்கும் வரை பம்ப்பை நிறுத்திவைக்கலாம். பெயின்ட், வார்னிஷ், தரை துடைக்கும் ஃபினாயில் வாடையும் இதே வழியில்தான் உள்ளே போகும்.

மாந்தோப்பு உள்ள வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மாமரம் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளில் பல இதே வகை. தோப்பில் மருந்து அடித்துவிட்டு வந்த கையோடு தொட்டிக்குள் கை விட்டால், தோப்பில் மருந்துக்குப் பயன்படுத்திய பக்கெட்டில் தொட்டிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினால், அவ்வளவுதான். தொட்டிக்கென்று ஒரு பக்கெட், ஒரு மக், ஒரு துணி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சோப்புப் படவே கூடாது.

ஆக்சிஜனைப் பற்றி முன்பே சொன்னேன். சூடான தண்ணீர் குறைவான ஆக்சிஜனைத்தான் வைத்திருக்கும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இதிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரோரம் இருக்கும் தொட்டியில் ராத்திரி கரண்ட் போனால் விடிவதற்குள் முடிந்துவிடும். தொட்டியில் செடி அதிகம் இருந்தால் ராத்திரியில் அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவல்ல. அதுவரை, ஒரு மக் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினாலும் மீன் பிழைக்கும். ஓசூர்க்காரர்களுக்கு டிசம்பர், ஜனவரி ராத்திரிக் குளிர் இன்னொரு பிரச்சினை. வெப்பமண்டல மீன் உள்ள தொட்டிக்கு ஹீட்டர் வேண்டும். அந்த ஹீட்டரே ஒட்டிக்கொண்டு அணையாமல் போவதும் உண்டு, அதனால் தனியாக ஒரு தெர்மாமீட்டரும் தொட்டியில் இருக்கட்டும்.

நோயைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கடைக்குப் போய் "மீன் சாகுது" என்றால் உடனே ஒரு மருந்துப் பாட்டில் கையில் வரும். நோய் என்றால் உடம்பில் அடையாளம் இருக்க வேண்டும்: உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி, துடுப்பு அரித்துப்போவது, வாயோரம் பஞ்சு போன்ற படலம், செதில் விறைத்து நிற்கும் வயிற்று வீக்கம். வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் புது மீனோடு வரும், வந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். எந்த அடையாளமும் இல்லாமல் பல இன மீன்கள் ஒரே நாளில் செத்தால் அது நோயல்ல, தண்ணீர். அப்போது மருந்து ஊற்றுவது பாக்டீரியாவையும் கொன்று நிலைமையை இன்னும் கெடுக்கும்.

காரணம் தெரியும் வரை என்ன செய்வது

தீவனத்தை நிறுத்துங்கள். ஆரோக்கியமான பெரிய மீன் சில நாள் பட்டினி தாங்கும், தீவனம் போடாத ஒவ்வொரு நாளும் அம்மோனியா அவ்வளவு குறையும். ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள், காரணம் எதுவானாலும் கூடுதல் காற்று கெடுதல் செய்யாது (பம்ப்பே விஷத்தை இழுக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அதை முதலில் சுத்தமான காற்றுள்ள இடத்துக்கு மாற்றுங்கள்). சாம்பிள் எடுத்து வைத்த பிறகு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குளோரின் போன, தொட்டியின் அதே சூட்டில் உள்ள தண்ணீர். அம்மோனியா இன்னும் அதிகமாகக் காட்டினால் அடுத்த நாளும் அதே அளவு. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி வந்த தொட்டி என்றால் இன்னும் குறைவாக, பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள். கிட்டில் நைட்ரைட் காட்டினால் லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை கல் உப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்க்கலாம். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். பாக்டீரியா செத்த தொட்டிக்கு, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கி நம் ஃபில்டரில் வைப்பதுதான் சிறந்த மருந்து. அக்கா வீட்டுத் தொட்டி அப்படித்தான் தேறியது.

ஒரே நாளில் ஐந்து விஷயத்தை மாற்றாதீர்கள். தண்ணீர், மருந்து, ஃபில்டர், தீவனம், இடம் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றி மீன் பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது. அடுத்த முறை அதே சாவு வரும்போது மறுபடியும் முதலிலிருந்துதான்.

கிட் வாங்கும்போது அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அட்டைப் பட்டையைவிடச் சொட்டு மருந்து கிட் நம்பகமானது. தொட்டித் தண்ணீரோடு, நீங்கள் ஊற்றும் குழாய்த் தண்ணீரையும் தனியாகச் சோதியுங்கள். விவசாய நிலம் சூழ்ந்த போர்களில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் ஏற்கனவே இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ளாமல் "எவ்வளவு தண்ணி மாத்தினாலும் நைட்ரேட் குறையல" என்று குழம்புவீர்கள். தொட்டியில் நைட்ரேட் சுத்தமாக இல்லை, அம்மோனியா மட்டும் ஏறியிருக்கிறது என்றால் பாக்டீரியா இன்னும் வரவில்லை அல்லது செத்துவிட்டது என்று பொருள். நைட்ரேட் மிக அதிகம், அம்மோனியா இல்லை என்றால் தண்ணீர் மாற்றுவது போதவில்லை.

போர் தண்ணீரின் கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லாம் ஒரேயடியாகத் தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். மீனுக்காகப் போனாலும் வீட்டில் குடிக்கிற தண்ணீரின் நிலவரம் தெரிந்துவிடும். மீனில் நோய் அடையாளம் தெளிவாக இருந்து ஒன்றும் பிடிபடவில்லை என்றால், போச்சம்பள்ளி பக்கம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் மீன்வளத் துறை அலுவலகம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். காட்டக் கொண்டுபோவதென்றால் செத்து நாளான மீன் உதவாது. சோர்ந்து கிடக்கும் மீனைத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டிக் கொண்டுபோவதே நல்லது. அது வழியிலேயே செத்துவிட்டால் தண்ணீரிலிருந்து எடுத்து, தனிப் பையில் போட்டு, சுற்றிலும் ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு உடைந்து, பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும்.